அனனியா மூச்சு விட்டான்

சத்தியம் பண்ணக் கூடாது, ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை, அதோடு நிறுத்திக்கொள் என்று வேதம் சொல்வதால் எங்கள் சபையில் யாரும் நீதிமன்றத்தில்கூடச் சத்தியம் செய்வதில்லை. இருந்தாலும் இந்த ஒரு கதைக்காக வேதத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய் சொன்னவன் விழுந்து செத்த கதையைச் சொல்லும்போது பொய் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

ஆர்கன்சாஸில் கோல்ட்டர்ஸ் பெண்ட் என்கிற ஊரில் எரிவாயு லாரி ஓட்டிய ஹாலிஸ் டிரம்மண்டுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. மனைவி வெர்னா அவரைப் பார்த்து ஒரு தடவையாவது "பரவாயில்ல" என்று சொல்ல வேண்டும். வீட்டுக்குப் புதுக் கூரை போட்டுப் பார்த்தார். "சாஞ்சிருக்கு" என்றாள். காட்டில் மான் சுட்டு எடுத்துவந்தார். "நீங்க போறப்பவே செத்துக் கிடந்துச்சோ?" என்றாள். எங்கள் சபையில் பியானோவும் கிடையாது, கிதாரும் கிடையாது. வாயால் மட்டும்தான் பாடுவோம். அதில் அடிக்குரல் பாட ஹாலிஸை விட்டால் ஆளில்லை. அதற்கும் வெர்னா, "மாடு கன்னு போடுற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

அந்த வசந்தத்தில் டெக்சாஸ் பாலைவனத்தில் முதல் கிறிஸ்தவர்களைப் பற்றித் தொலைக்காட்சித் தொடர் எடுக்கிறார்கள், தாடி வைத்தவர்கள் தேவை என்று செய்தி வந்தது. ஹாலிஸ் லீவு போட்டுவிட்டுப் போனார். கூட்டத்தில் ஒருவராக நிற்கத்தான் போனார். போன அன்றே கேமரா ஒயர் தடுக்கி முகம் குப்புற விழுந்தார். அந்த விழுதலைப் பார்த்த இயக்குநர் எழுந்து நின்று கைதட்டி, அந்த இடத்திலேயே அவரை அனனியா ஆக்கிவிட்டார்.

அனனியாவை எங்கள் ஊரில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். நிலத்தை விற்றுப் பாதியைப் பதுக்கிக்கொண்டு, மொத்தமும் இவ்வளவுதான் என்று பேதுருவின் காலடியில் வைத்தவன். பேதுரு ஒரு கேள்வி கேட்டதும் விழுந்து செத்தான். வாலிபர்கள் சுற்றி எடுத்துப் போய்ப் புதைத்தார்கள். மூன்று மணி நேரம் கழித்து விஷயம் தெரியாமல் வந்த அவன் மனைவி சப்பீராளும் அதே பொய்யைச் சொல்லி அதே இடத்தில் விழுந்தாள்.

அந்தப் பகுதி ஒளிபரப்பானதும், ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பாட்டுக்குப் பிறகு சபை மண்டபத்தில் எல்லாரும் சேர்ந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. ஒவ்வொருவர் மடியிலும் வேதம் திறந்திருந்தது. ரிமோட் மூப்பர் ஆரின் டாக்கெட்டின் கையில். வேதத்தில் இல்லாதது வந்தால் அவர் நிறுத்துவார்.

வெர்னாவுக்கு முதியோர் இல்லத்தில் நான்கு மணி வரை வேலை.

"அவ வந்ததும் போடலாமே பிரதர்" என்றார் ஹாலிஸ்.

"சப்பீராள் வர்றதுக்கு மூணு மணி நேரம் ஆச்சு. பேதுரு காத்துக்கிட்டா இருந்தாரு?" என்று டாக்கெட் பொத்தானை அமுக்கினார்.

முதல் சிக்கல் இசை. சபைக் கட்டடத்துக்குள் வாத்தியச் சத்தம் கேட்கக் கூடாது. எனவே யாழ் ஒலிக்கும்போதெல்லாம் டாக்கெட் சத்தத்தை அடைத்தார். தொடர் முழுக்க யாழ் ஒலித்துக்கொண்டே இருந்ததால் அப்போஸ்தலர்கள் பெரும்பாலும் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடினார்கள். பேதுருவின் பற்கள் ரொம்ப வெள்ளை என்று ஒருவர் எழுந்தார். பற்களைப் பற்றி வேதம் ஒன்றும் சொல்லவில்லை என்று தேடிப் பார்த்து, பற்களை விட்டுவிட்டார்கள்.

பிறகு ஹாலிஸ் திரையில் வந்தார். நோயாளிக் குழந்தை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அதன் வைத்தியத்துக்காகத்தான் அனனியா பணத்தை ஒதுக்கினான் என்று கதையில் சேர்த்திருந்தார்கள்.

டாக்கெட் நிறுத்தினார். "பிரதர் ஹாலிஸ், இந்தப் பிள்ளை எந்த வசனத்துல இருக்கு?"

"அது... அவங்களாச் சேர்த்தது, பிரதர்."

"அனனியாவுக்குக் கர்த்தர் பிள்ளை குடுக்கல. உனக்கும் குடுக்கல. நீங்களாச் சேர்த்தா ஆச்சா?"

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். சிரிக்கலாம் என்று தெரிந்ததும் எல்லாரும் சிரித்தார்கள். ஹாலிஸும் கடைசியாகச் சேர்ந்துகொண்டார்.

அடுத்து விழுகிற கட்டம். ஹாலிஸ் அருமையாக விழுந்தார். பேதுரு மண்டியிட்டு அழுதார். அழுகை வேதத்தில் இல்லை என்று டாக்கெட் அதை ஓட்டிவிட்டு, அனனியாவின் நெஞ்சில் படத்தை நிறுத்தினார். முன்னால் நகர்த்தினார், பின்னால் நகர்த்தினார்.

"மூச்சு விடுறான்" என்றார்.

ஆமாம். நெஞ்சு ஏறி இறங்கிற்று. திரும்பத் திரும்பப் போட்டார். சபை சேர்ந்து "ஏறுது, இறங்குது" என்று சொல்ல ஆரம்பித்தது.

"வேதம் ஜீவனை விட்டான்னு சொல்லுது. இவன் மூச்சை மட்டும் விட்டுக்கிட்டுக் கிடக்கான். பாதியைக் குடுத்துட்டு மீதிய வச்சுக்கிட்டான், அதே திருட்டு" என்றார் டாக்கெட். "இதத் திருத்தாம விட்டா சபைக்குத்தான் கேடு. வா பிரதர். இங்க வந்து வசனப்படி விழு."

வெர்னா வருவதற்குள் முடிந்துவிட்டால் நல்லது என்று நினைத்து ஹாலிஸ் போய் விழுந்தார். வாலிபர்கள் வேண்டும். எங்கள் சபையில் வாலிபர் என்று சொல்லத்தக்கவர்கள் டாக்கெட்டின் இரண்டு மருமகன்கள்தான். இருவருக்கும் முழங்கால் வலி. கோழிக் கொழுப்பு படிந்த மேசை விரிப்பை உருவி ஹாலிஸைக் கழுத்து வரை சுற்றினார்கள்.

"இறுக்குறீங்களேடா" என்றார் ஹாலிஸ்.

"செத்தவன் பேசுறது எந்த வசனம் மாமா?" என்றான் மூத்தவன்.

புதைப்பதற்குக் குழிக்கும் பஞ்சமில்லை. டாக்டர் கைவிட்ட சிஸ்டர் ஐசி பெர்க்கின்ஸுக்காகச் சனிக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் தோண்டி வைத்திருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அவளுக்கு உடம்பு தேறிவிட்டது. இப்போது முன்வரிசையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சாலட் தின்றுகொண்டிருந்தாள்.

"எடுத்துக்கோங்கப்பா. நான் இன்னும் படுக்கல, புதுசாத்தான் இருக்கு" என்றாள்.

ஹாலிஸைக் குழிக்குள் இறக்கிவிட்டு எல்லாரும் காபி குடிக்கப் போனார்கள். மேலே நீளமாக ஒரு துண்டு வானம் தெரிந்தது. டெக்சாஸில் அவர் விழுந்தபோது கைதட்டிய சத்தத்தை ஹாலிஸ் நினைத்துப் பார்த்தார். வெர்னா வருவாள், மண்டபத்தில் அந்தக் காட்சியைப் பார்ப்பாள், பிறகு ஓடி வருவாள். ஓடாவிட்டாலும் வருவாள்.

வேலை உடுப்போடு வந்த வெர்னாவை டாக்கெட் வாசலிலேயே மறித்து, பேதுரு சப்பீராளிடம் சொன்னதை அப்படியே சொன்னார்.

"சிஸ்டர் வெர்னா, உம் புருஷனை அடக்கம் பண்ணினவங்களோட கால் இந்தா வாசப்படியில நிக்குது."

அவள் மருமகன்களின் பூட்ஸைப் பார்த்தாள். "தெரியுது. மண்ணைத் தொடச்சுட்டு உள்ள வரச் சொல்லுங்க."

"நீ இப்ப விழணும்மா."

"காலையிலருந்து கிழவன் கிழவிங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டுட்டு வர்றேன். விழுறவளா இருந்தா எப்பவோ விழுந்திருப்பேன். என்னத்தையோ பாத்துச் சிரிச்சீங்களாமே, அதைப் போடுங்க."

போட்டார்கள். நின்றபடியே பார்த்தாள். சிரிக்கவில்லை. பிறகு தோட்டத்தை நோக்கி நடந்தாள். சபை மொத்தமும் தட்டோடு பின்னால் போயிற்று.

குழி விளிம்பில் அவளுடைய வெள்ளைச் செருப்பு தெரிந்ததும் ஹாலிஸ் தலையைத் தூக்கினார்.

"வெர்னா! பாத்தியா?"

"பாத்தேன்."

"இயக்குநர் எந்திரிச்சுக் கைதட்டினாரு, தெரியுமா?"

"மூச்சு விடுறீங்க."

"அது கேமரா பக்கத்துல இருந்ததால—"

"இப்பவும் விடுறீங்க."

ஹாலிஸ் வாயை மூடினார். கண்ணை மூடினார். மூச்சை உள்ளே இழுத்து நிறுத்தினார். மேசை விரிப்பு அசையவில்லை. வெர்னா தலையை ஒரு பக்கம் சாய்த்து, கடையில் துணி பார்ப்பது மாதிரி, கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இப்பப் பரவாயில்ல" என்றாள்.

சொல்லிவிட்டுத் திரும்பினாள். "சாப்பிட பீச் பழப் பை மிச்சம் இருக்கா?"

இருந்தது. மாலை ஆராதனைக்கு எல்லாரும் உள்ளே போனார்கள். பாட்டு தொடங்கியது, அடிக்குரல் இல்லாமல் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பாட்டு ஹாலிஸுக்கு நன்றாகக் கேட்டது. அவருடைய இடம் வந்தபோது உதடுகூடத் துடித்தது. ஆனால் பாட மூச்சு வேண்டும். அறுபது வயதில் கிடைத்த அந்த ஒரு சொல்லை அவர் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை. அதற்குப் பிறகு அவர் மூச்சு விட்டதை யாரும் பார்க்கவில்லை.