பொட்டு மறைத்த விளக்கு

விடியற்காலை முதல் பஸ்ஸில் அரூர் வந்து இறங்கி, மாடி ஹாலைக் கூட்டித் துடைத்து, ஜெனரேட்டருக்கு டீசல் கேனைத் தூக்கிப் படியேறினால்தான் எங்களுக்கு நாற்காலி. அதற்கென்று தனி ஆள் போட முதலாளி மாதவராஜுக்கு மனசு வராது. டீசல் வாடை போகாத விரல்களோடு ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவோம். கண் எரியும், கழுத்து நரம்பு இழுக்கும்.

அன்று யாருக்கும் கை ஓடவில்லை. முந்தின நாள் கரண்ட் போய், ஜெனரேட்டர் ஓடுவதற்குள், நாங்கள் அடிப்பதெல்லாம் போய்ச் சேரும் சர்வர் அணைந்து, நாங்கள் ஏற்றிய கோப்பே திறக்க முடியாதபடி உடைந்துபோயிருந்தது. முதலாளி யார் தலையிலாவது பழியைப் போடாமல் விடமாட்டார். யார் தலையில்?

ரிப்பேர் பார்க்கிற முருகேஷ் சர்வர் முன்னால் குனிந்தான். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் முகப்பில் காய்ந்து கிடந்தன. நகத்தால் சுரண்டினான். அடியில் ஒரு ஆரஞ்சு விளக்கு அசையாமல் எரிந்தது.

"இது என்னா விளக்கு தம்பி?" என்றாள் எங்களில் மூத்தவளான சென்னம்மாள்.

"டிஸ்க் கன்ட்ரோலரோட பேட்டரி விளக்கு, அக்கா. பச்சையா நின்னா நல்லாருக்கு. பச்சை மினுக்குனா சார்ஜ் ஏறுது. ஆரஞ்சா நின்னா பேட்டரி செத்துப்போச்சு. நீங்க அடிக்கிறது டிஸ்குக்குப் போறதுக்கு முன்னாடி இந்தக் கன்ட்ரோலர் கார்டுல கொஞ்ச நேரம் தங்கும். அப்போ கரண்ட் போனா, அதைப் புடிச்சு வெக்கிறது இந்தப் பேட்டரிதான்."

"யாரு இதுல பொட்டு வெச்சது?" பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாதவராஜ் கத்தினார்.

கனிமொழிக்கு முகம் வெளிறிவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்தான் பூஜைக்குப் பொட்டு வைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நாங்கள்தான் அவளை முன்னால் தள்ளினோம். அவள் சம்பளத்தை நம்பித்தான் பொம்மிடியில் ஒரு குடும்பமே உலை வைக்கிறது.

"நாந்தாங்க சார்..."

"விளக்க மறைச்சிட்ட. பேட்டரி போனது எவனுக்குத் தெரியும்? இனி உனக்கு வேலை கிடையாது. நீ வேணும்னே பண்ணுனதா ஸ்டேஷன்ல கம்ப்ளைண்டும் குடுக்கறேன்."

போலீஸ் என்றதும் ஐயோ, வாயை மூடிக்கொண்டு இரு பானுமதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முருகேஷ் தரையைப் பார்த்தபடி முனகினான். "சார், பேட்டரிய மாத்தணும்னு பூஜைக்கு முன்னாடியே உங்ககிட்ட சொன்னனுங்களே. அது போனா மெஷின் தானா நேரா டிஸ்குல எழுதும், மெதுவாத்தான் ஓடும். வேல மெதுவாவுதுன்னு நீங்கதான் பழையபடி கார்டுல தங்குற மாதிரி மாத்தி வெக்கச் சொன்னீங்க."

"வாய மூட்றா! இனிமே இந்தப் பக்கம் வராத."

அட பாவி மனுசா! தெரிந்தேதானா இந்தப் பெண்ணைக் காவு கொடுக்கப் பார்க்கிறாய்? எழுந்துவிட்டேன்.

"நானும் பொட்டு வெச்சேங்க சார்."

"அப்ப உன் மேலயும் கம்ப்ளைண்ட்."

"என்னையும் சேத்துக்கங்க" என்று சென்னம்மாள் எழுந்தாள். அவள் பின்னால் அன்பரசி. நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்தன.

ஓர மேசையில் சவுரியப்பன் மட்டும் உட்கார்ந்திருந்தான். மாதவராஜ் அவனிடம் திரும்பினார். "நீ சர்ச்சுக்குப் போறவன். பூஜையன்னிக்கு நீ பொரி தின்னதோட சரி. நீயாவது உண்மையச் சொல்லு."

சவுரியப்பன் எழுந்தான்.

"நானும் வெச்சேங்க சார். குங்குமத்த நாந்தாங்க கொழைச்சேன். கனிமொழிய விட்டுடுங்க, பேட்டரிய மாத்துங்க. அதுவரைக்கும் ஒருத்தரும் ஒரு எழுத்து அடிக்கமாட்டோம்."

மாதவராஜ் போனை எடுத்தார். ஸ்டேஷனுக்கா, பேட்டரிக்கா, யாரைக் கூப்பிடுகிறார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஒருவரும் உட்காரவில்லை.