பெரும்பாலும்

அண்ணன் மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிறவர். தம்பி பிரார்த்தனைக் கூடத்தில் பேசுகிறவர். சாப்பிட உட்கார்ந்தால் இருவருக்கும் வாக்குவாதம் நிச்சயம். எல்லாம் தற்செயல் என்பார் அண்ணன். மேலே ஒருவன் பார்த்து நடத்துகிறான் என்பார் தம்பி. நடுவில் பிறந்தவள் இருவருக்கும் பரிமாறிக்கொண்டே, "தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு ஆளுக்கொரு பேர் வச்சிருக்கீங்க" என்று சிரிப்பாள்.

அவளுடைய ஆறு வயது மகளின் ரத்தம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அண்ணனின் மேசைக்கே வந்தது. கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்து நூறு செல்களை எண்ணினார். எண்பது, இருக்கவே கூடாத புற்றுநோய்ச் செல்கள். வேறொரு தகடு எடுத்து மறுபடியும் எண்ணினார். பிறகு போய் முகம் கழுவிக்கொண்டு வந்து அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

பதினோரு மாதம் போராடி, குழந்தை போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்து அவள் அண்ணனையும் தம்பியையும் வரச்சொன்னாள். கணவர் வேலைக்குப் போயிருந்தார். குழந்தையின் அறையில், வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"இவ வயித்துல இருக்கும்போது இந்தச் சுவருக்கு நான்தான் பெயின்ட் அடிச்சேன். வெளிய மழைன்னு ஜன்னலையும் சாத்திட்டேன். ரெண்டு நாள் தலை சுத்துச்சு. அதனாலயா?"

தம்பி முந்திக்கொண்டார். "அக்கா, எதுக்கும் ஒரு காரணம்..." அவள் முகத்தைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது.

"நீ சொல்லுண்ணா. நீதானே பார்த்தே?"

"செல் ரெண்டாப் பிரியும்போது மரபணுல ஏதோ ஒண்ணு தப்பாப் பதிஞ்சிடுதும்மா. அவ்வளவுதான். யார் மேலயும் தப்பில்ல."

"அது ஏன் தப்பாப் பதிஞ்சுது? பெயின்டாலயா?"

இருபத்திரண்டு வருட ஆய்வக வேலையில், தெரியாத ஒன்றைத் தெரியும் என்று அவர் எந்த அறிக்கையிலும் எழுதியதில்லை.

"பெரும்பாலும் இருக்காது."

"பெரும்பாலும்" என்று அவளும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

படியிறங்கும்போது தம்பி கேட்டார்: "இல்லவே இல்லன்னு சொல்லியிருக்கலாமே அண்ணா?"

"எனக்குத் தெரியாதேடா."

"எனக்கு மட்டும்? பதினோரு மாசமா மண்டி போட்டுக் கேட்டேன். ஒண்ணும் தெரியல."



மறுநாள் காலை அண்ணன் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, நேரே தங்கை வீட்டுக்குப் போனார். நின்றபடியே சொன்னார்: "பெரிய டாக்டர்கிட்ட விசாரிச்சுட்டேன். பெயின்டால வரவே வராதாம். நிச்சயமாச் சொல்லிட்டார்."

அவர் யாரிடமும் விசாரிக்கவில்லை.

தங்கை அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை.

"இதை நேத்தே சொல்லியிருந்தா நம்பியிருப்பேண்ணா."

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து அவர்தான் முதலில் அழுதார். அவள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.