தினம் பிரிக்கப்பட்ட மூட்டை

போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் பிரேம்சிங்குக்கு மனிதர்கள் இரண்டு வகை: ஏமாற்றியவர்கள், இனிமேல் ஏமாற்றப்போகிறவர்கள். குரங்கணிக்கு மேலே தோட்டம் வைத்திருக்கும் பிச்சைமணி பல வருடங்களாக இரண்டாவது வகையிலேயே இருந்தார். இந்த மாதம்தான் முதல் வகைக்கு உயர்த்தப்பட்டார்.

காரணம், அவர் இறக்கிவிட்டுப் போன இரண்டு மூட்டைகளில் ஒன்று. வந்த அன்று காய் கிளிப்பச்சை. போகப்போக வெளுத்தது. பிரேம்சிங் தினமும் அதை வாசல் வெயிலுக்கு இழுத்துவந்து, உள்ளே சுற்றியிருந்த கறுப்புப் பிளாஸ்டிக் உறையை விரித்து, மதியம்வரை முறைத்தார். காய் குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் மேலும் வெளுத்தது.

"மேலாப்புல புதுசு, அடியில போன வருசத்துக் காய். கலந்துட்டான்," என்றார் மனைவி ஜாக்குலினிடம்.

"அப்ப மேலாப்புல உள்ளதும் ஏன் வெளுக்குது?"

"அதான் அவன் தெறம."

இனிமேல் காய் வாங்குவதில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லப் பிச்சைமணியை வரவழைத்தார். பிச்சைமணிக்குப் போடியில் வேறு கடை பழக்கமில்லை.

"அண்ணே, இன்னொரு மூட்டையப் பாத்தீகளா? ரெண்டும் ஒரே நாள் எடுத்த காய்."

பிரித்தார்கள். கிளிப்பச்சை.

"பாத்தியா, என் கண்ணக் கட்டத்தான் இத மட்டும் நல்லதா குடுத்திருக்க."

பிச்சைமணி ஜாக்குலினைப் பார்த்தார். ஜாக்குலின் கூரையைப் பார்த்தார்.

அப்போது சிலமலையிலிருந்து ஒரு அம்மா கொஞ்சம் ஏலக்காய் வாங்க வந்தார். பிரேம்சிங் கட்டிக் கொடுத்து, எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னார்: "கறுப்புக் கவர்லயே வச்சிருங்க ஆத்தா. சும்மா சும்மா தெறந்து பாக்காதீங்க. வெளிச்சம் பட்டா பச்சை..."

வாக்கியம் அங்கேயே நின்றது. வாசல் வெயிலில் வாய் பிளந்து கிடந்த மூட்டையைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். கடையில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் அதுதான்.

"போயிரும்," என்று ஜாக்குலின் முடித்துவைத்தார்.

இந்த அம்மாவைப் பிச்சைமணிதான் அனுப்பியிருப்பாரோ என்று பிரேம்சிங்குக்கு ஒரு யோசனை வந்தது. அது வந்த வேகம் அவருக்கே பயமாக இருந்தது.

"பிச்சைமணி, காயில கொறையில்ல. நாந்தான் வெளுக்க வச்சிருக்கேன். அடுத்த லோடும் இங்கயே கொண்டா."

பிச்சைமணி உடனே மகிழ்ந்துவிடவில்லை. ஏற இறங்கப் பார்த்தார். "என்னண்ணே திடீர்னு? ஏதும் வெவகாரமா?"

பிரேம்சிங் பச்சை மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினார். கட்டு சரியாக விழுந்ததா என்று அவிழ்த்துப் பார்க்கத் துடித்த கையை, இன்னொரு கையால் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டார்.