முகத்துவாரம் அடைத்த நாள்

கப்பல் எரிந்த புகையை மாங்கேணிக் கரையில் நின்று ஊரே பார்த்தது. யப்பான்காரன் ஆகாயக் கப்பலில் வந்து குண்டு போட்டுவிட்டுப் போன பங்குனிக் கடைசி அது. எரிந்தது எந்தக் கப்பல், அதில் எத்தனை உயிர் என்று ஒருவருக்கும் தெரியாது. சித்திரை வருசத்துக்கு முந்திய நாட்களில் அந்தக் கப்பலின் எண்ணெய் கரைக்கு வந்து சேர்ந்தது.

சனத்துக்குத் தலைகால் புரியாத சந்தோசம். யுத்தம் தொடங்கியதிலிருந்து மண்ணெண்ணெய்க்கு நாய்படாப் பாடு பட்டவர்கள், கடலே வாசலில் கொண்டுவந்து ஊற்றினால் விடுவார்களா? பானை, சட்டி, பிள்ளை குளிப்பாட்டுகிற தாழி எல்லாம் கரைக்கு வந்தன. கண்ணகை ஒரு குடம் அள்ளினாள். அவளுடைய தம்பி கதிர்காமத்தம்பி தோணியைக் கவிழ்த்துப் போட்டு, புழு அரிக்காது என்று அடிப்பலகை முழுக்க அதைப் பூசினான். பொழுதுபட்டு விளக்கில் ஊற்றிப் பார்த்தால் அது எரியவில்லை. திரியைக் கருக்கி வீட்டை நாறடித்தது. சும்மா கிடைக்கிறது என்றால் நம் சனத்துக்குக் கண்ணும் வேலை செய்யாது, மூக்கும் வேலை செய்யாது. கண்ணகையும் அந்தச் சனத்தில் ஒருத்திதான்.

விடிந்ததும் கண்ணகை கரைக்குப் போனாள். நீர்க்காகங்கள் சிறகை விரிக்க முடியாமல் மணலில் குந்திக்கொண்டிருந்தன. முட்டையிட ஏறிய ஆமை ஒன்று, கண்ணிலும் வாயிலும் எண்ணெய் அப்பியபடி பாதி வழியில் செத்துக் கிடந்தது. நண்டு வளைகள் ஒன்றுவிடாமல் அடைபட்டிருந்தன. ஒரு நீர்க்காகத்தைத் தூக்கிக்கொண்டுபோய் அரப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். கழுவக் கழுவக் கறுப்பு வந்தது. கடைசியில் அது அவள் மடியிலேயே கழுத்தைத் தொங்கப் போட்டது. கண்ணகை வாய்விட்டு அழுதாள். பிறகு, அள்ளி வைத்த எண்ணெயைக் குடத்தோடு கொண்டுபோய் வளவு மூலையில் புதைத்தாள்.

கண்ணகை புருசனை இழந்தவள். இரண்டு பெண்பிள்ளைகளின் தாய். வட்டையில் அவளுக்கு ஒரு முழ வயல் கிடையாது. ஊருக்குப் பின்னால் உப்புநீர் ஏரியாகக் கிடந்த களப்புத்தான் அவளுடைய வயல். அதில் வலை கட்டி இறால் வடித்து, அவித்துக் காயப்போட்டு, ஓட்டமாவடியிலிருந்து மாட்டு வண்டிலில் வருகிற வியாபாரி உசனாருக்குக் கொடுத்தால்தான் அடுப்பு எரியும். அந்த இறால் கடலில் பிறந்து, குஞ்சாக முகத்துவாரத்தால் நுழைந்து, கண்டல் மரங்களின் வேர்களுக்குள் வளர்வது. இப்போது அதே வழியால் எண்ணெயும் நுழைந்துகொண்டிருந்தது. முகத்துவாரத்துக்குக் கிட்டிய கண்டல் வேர்கள் ஏற்கெனவே கறுத்துவிட்டன. வருசம் பிறந்த கையோடு அமாவாசை வருகிறது. அமாவாசைக்குக் கடல் பொங்கினால், வெளியே மிதக்கிற அவ்வளவும் களப்புக்குள் ஏறிவிடும். பிறகு களப்பு ஏது, கண்ணகை ஏது?

முகத்துவாரம் கோடைக்கு ஒடுங்கி, ஒரு வண்டில் கடக்கிற அகலத்தில், கடல் வற்றும்போது முழங்கால் தண்ணீரோடுதான் கிடந்தது. மனம் வைத்தால் அடைக்கலாம். ஆனால் அந்த ஊரில் முகத்துவாரத்தை வெட்டுவதற்கு மட்டுமே முறை உண்டு. மாரி மழையில் களப்பு நிரம்பி முட்டினால், கோயிலில் பொங்கி, மஞ்சள் நீர் தெளித்து, கண்ணகையின் குடியில் பிறந்த ஆண் ஒருவன் முதல் வெட்டு வெட்டுவான். அதற்கு முன் வேறு எவருடைய மண்வெட்டியும் அந்த மண்ணில் படக்கூடாது. மூடுவது கடலின் வேலை. மனிதன் கைவைத்து மூடினால் கடல் அந்த வீட்டில் உயிர் கேட்கும் என்று ஊர் நம்பியது. இப்போது முதல் வெட்டுக்காரன் கதிர்காமத்தம்பிதான். முகத்துவாரத்தை மூட அவனையே துணைக்குக் கூப்பிட்டாள் கண்ணகை.

"உனக்கென்ன விசரா அக்கா?" என்றான் அவன். "வெட்டுறதுதான் நமக்குத் தந்த முறை. மூடுற கை விளங்காது."

"கடல் உயிர் கேக்கும் எண்டு பயப்பிடுறாய். கரையில கிடக்கிறதெல்லாம் என்னடா? அதெல்லாம் உயிரில்லையா?"

"நான் வரமாட்டன்."

"வராட்டிப் போ. இந்த முறை உனக்கு எங்கால வந்தது? அம்மாட வயித்தால வந்தது. நானும் அந்த வயித்திலதான் பிறந்தன். உனக்கு முன்னமே பிறந்தன்."

மட்டக்களப்புப் பக்கத்தில் குடி தாய்வழியாகத்தான் வரும். அவள் சொன்னதில் பிழை பிடிக்க இடமில்லை. அவன் எழுந்து போய்விட்டான்.

விசயம், ஊரில் அரசாங்கத்தின் ஆளாக இருந்த விதானையார் இராசதுரையின் காதுக்கு எட்டியது. அவர் வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணகையின் வளவுக்கே வந்தார்.

"இஞ்ச பார் புள்ள, பட்டாளத்து மோட்டார் வள்ளம் ஒண்டு களப்புக்குள்ள நிக்கிது. வழி திறந்து கிடக்கவேணும் எண்டு தொரை சொல்லியிரிக்கார். சண்டைக் காலம். மண்ணில கை வச்சாய் எண்டா மறியல்தான், கொண்டுபோய்க் கூட்டுக்குள்ள அடைப்பாங்க."

"மறியல்ல சோறு குடுப்பாங்களா விதானையார்?"

"குடுப்பாங்க."

"அப்ப களப்புச் செத்தா, நான் போறதுக்கு ஒரு இடமாவது இரிக்கி."

இப்படிப் பேசுகிற பெண்ணிடம் அதிகாரம் என்ன செய்யும்? விதானையார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பினார்.

இருட்டில் ஒளித்துச் செய்திருக்கலாம்தான். கண்ணகைக்கு அந்தப் பழக்கமில்லை. வருசப்பிறப்பன்று, ஊர் புதுச்சேலை கட்டிக் கோயிலுக்குப் போய்த் திரும்பும் நேரத்தில், எல்லோரும் பார்க்க மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். கடல் வற்றிக் கிடந்தது. முதல் மண்ணை வெட்டிப் போட்டாள், தண்ணீர் கொண்டுபோனது. இன்னொரு தரம் போட்டாள், அதையும் கொண்டுபோனது. பிள்ளைகள் இருவரும் கையால் அள்ளிக் கொட்டினார்கள். ஊர்ச்சனம் கூத்துப் பார்க்க வந்ததுபோலக் கரையில் நின்றது. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்த நேரம் பார்த்து உசனாரின் வண்டில் வந்து நின்றது.

"இறால் எங்க தங்கச்சி?"

"அதைக் காப்பாத்தத்தான் மாரடிக்கிறன் உசனார் காக்கா. வண்டில்ல சாக்கு இரிக்கா?"

உசனார் கறுத்துக் கிடந்த கடலைப் பார்த்தார். செத்த ஆமையைப் பார்த்தார். "அல்லாஹ்ட கடலை இப்பிடி நாறடிச்சவனுகள் உருப்படுவானுகளா?" என்று சொல்லி, இருந்த சாக்குகளை எல்லாம் இறக்கிப் போட்டார். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் தண்ணீரில் இறங்கினார்.

வெளியூர் மனிதர் இறங்கிவிட்ட பிறகு உள்ளூர்க்காரர் கைகட்டி நிற்பது எப்படி? முதலில் பெண்கள் இறங்கினார்கள், புதுச்சேலையோடு. அவர்களுக்குப் பின்னால் ஆண்கள், அவர்களுக்கே தெரியாமல் வந்தவர்கள்போல, ஒருவர் இருவராக வந்தார்கள். சாக்குகளில் மண் நிறைந்தது. ஆனாலும் தண்ணீரின் இழுப்பில் சாக்குகள் உருண்டன.

"சும்மா கொட்டினா நிக்குமா அக்கா?" கதிர்காமத்தம்பி ஒரு கட்டுக் கம்பைத் தோளில் சுமந்துகொண்டு வந்து நின்றான். முகத்தில் கோபம் குறையவில்லை. "முதல்ல கம்பை நடு. தென்னங்கிடுகைச் சாத்து. மறுகாத்தான் சாக்கு."

"கடல் உயிர் கேட்டா?"

"என்னைக் கேக்கட்டும். அந்தச் சனியனைத் தோணிக்குப் பூசினவன் நான்தானே."

பொழுது சாயும் முன் முகத்துவாரம் அடைபட்டது. அணை நிற்கிறதா என்று பார்க்க உசனாரும் தங்கிவிட்டார். அமாவாசைக்குக் கடல் பொங்கி வந்து மண் அணையில் மோதிற்று. கறுப்பு அலை ஏறப் பார்த்தது. ஏற முடியாமல் இறங்கிற்று. அணையின் கடற்பக்கம் கூழ்போல எண்ணெய் தடித்துக் கிடந்தது. களப்புப் பக்கம் மணலை என்கிற மீன்கள் துள்ளின. கண்ணகை அணைமேல் நின்று கடலைப் பார்த்துக் கெட்ட வார்த்தையால் ஏசினாள். ஏசி முடித்து அவள் சிரித்த சிரிப்பை அதற்கு முன் ஊரில் எவரும் பார்த்ததில்லை.

மறுநாள் காலை விதானையார் வெள்ளைக்காரத் தொரையோடும் பட்டாளத்தாரோடும் வந்தார். வள்ளம் உடனே கடலுக்குப் போகவேண்டுமாம். அணையை வெட்டிவிடச் சொன்னார்.

ஒருவரும் அசையவில்லை. ஊரில் பிறந்த விதானையாருக்குக் காரணம் தெரியும். "கதிர்காமத்தம்பி, முதல் வெட்டை வெட்டு. மிச்சத்தை மற்றவங்க பார்ப்பாங்க."

"மூத்தவ இரிக்கிறா. அவவக் கேளுங்க."

"கண்ணகை!"

"கடல் வெளுக்கட்டும் விதானையார். பொங்கிப் படைச்சு நானே வெட்டித் தாறன். இண்டைக்கு வெட்ட ஒண்ணாது."

தொரைக்கு முறையும் தெரியாது, குடியும் தெரியாது. அவர் கையைக் காட்ட, பட்டாளத்தான் ஒருவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அணையில் ஏறினான். கண்ணகை அவன் வெட்டப்போன இடத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்தாள். பிள்ளைகள் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். அவர்களை ஒட்டி மற்றப் பெண்கள் உட்கார, அணையில் மண்ணே தெரியவில்லை. மண்வெட்டியை ஓங்கியவன் எங்கே போடுவது என்று தெரியாமல் தொரையைப் பார்த்தான்.

"உங்களுக்கு வள்ளம்தானே போகவேணும்?" என்றாள் கண்ணகை. "எங்கட தோணியை எப்பிடிக் கரை ஏத்துறம்? கட்டை போட்டு மண்ணுக்கு மேலால இழுப்பம். அதுக்கு எத்தனை கை வேணுமெண்டாலும் வரும். வெட்டுறதுக்கு ஒரு கையும் வராது. இதைத் தொரைக்குச் சொல்லுங்க."

விதானையார் வியர்த்து விறுவிறுத்து மொழிபெயர்த்தார். தொரை நேரத்தைப் பார்த்தார், வேறு வழியில்லை. பனங்குற்றிகள் வந்தன. ஆணும் பெண்ணுமாக ஊரே கயிற்றைப் பிடித்தது. ஏலேலோ போட்டு, அந்த இரும்பு வள்ளத்தை அணைக்குப் பக்கத்து மணல் திடலுக்கு மேலால் கடலில் கொண்டுபோய் விட்டார்கள். வெள்ளையாக நின்ற வள்ளம் இறங்கிய மறுகணமே இடுப்புவரை கறுத்துப்போயிற்று.

ஆனால் பலர் முன்னிலையில் மறுப்பைக் கேட்ட அதிகாரம் சும்மா போகுமா? கண்ணகையை மட்டும் கூட்டிப்போகச் சொன்னார் தொரை. பிள்ளைகள் அவளைக் கட்டிக்கொண்டு கத்தினார்கள். அவள் இருவரின் கைகளையும் மெல்ல விலக்கினாள். சேலையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"தம்பி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்."

"நாங்களும் பின்னால வாறம் அக்கா. உன்னைத் தனிய விட்டுப்போட்டு..."

"ஒருத்தரும் வரக்கூடாது!" அவள் போட்ட சத்தத்தில் வண்டில் மாடுகள் மிரண்டன. "நீங்க எல்லாரும் எனக்குப் பின்னால வந்தா இஞ்ச ஆரு இருப்பா? நான் மறியலுக்குப் போறது, நீங்க இந்த அணையை விட்டுப்போட்டு வாறதுக்கா?"

அவளை ஏற்றிக்கொண்டு பட்டாளத்து லொறி தெற்கே போய் மறைந்தது. விதானையார் சனத்தின் பக்கம் திரும்பினார்.

"வள்ளமும் போயிட்டுது. இனி என்ன கூத்து இஞ்ச? வீட்டுக்குப் போங்க."

கதிர்காமத்தம்பி அக்கா இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தான். உசனார் மாடுகளை அவிழ்த்து விட்டுவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று மாங்கேணியில் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.