வகிட்டுக் கறுப்பு

குளிப்பாட்டி முடித்துவிட்டார்கள் என்பது வாசலில் ஓடிய ஈரத்தைப் பார்த்ததுமே பெல்சிக்குத் தெரிந்துவிட்டது. அதற்குள் வந்துவிட வேண்டும் என்றுதான் செக்காலையில் இருக்கும் தன் வீட்டிலிருந்து வேகமாக நடந்து வந்திருந்தாள். கையில் பார்லர் பை கனத்தது.

முந்தாநாள் சாயங்காலம் ஆன் மேரி டீச்சர் இறந்துபோனார். மஞ்சள்காமாலை. தேறிவிட்டார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள், மறுபடி திரும்பிக்கொண்டது. கணவர் ஜான் பீட்டர் வடக்கே பிலாய் உருக்காலையில் வேலை பார்க்கிறவர். அவர் ரயிலேறி, திருச்சியில் இறங்கி, காரைக்குடி பஸ் பிடித்து வந்து சேர இன்று மதியம் ஆகும். அதுவரை தாங்குவதற்காக டீச்சரை ஐஸ் பாளங்களுக்கு நடுவே வைத்திருந்தார்கள். ஐஸ் மேல் தூவிய மரத்தூளோடு கரைந்த தண்ணீரும் குளிப்பாட்டிய தண்ணீரும் சேர்ந்து படி இறங்கித் தெருவரை வந்திருந்தது.

உள்ளறையில் டீச்சரைப் பெஞ்சில் கிடத்தி, கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தார்கள். தலைமாட்டில் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம், இரண்டு பக்கமும் மெழுகுவத்தி. ஜான் பீட்டரின் அக்கா லூசியா, டீச்சரின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு தேங்காயெண்ணெயை உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, எண்ணெய் வேணாமே" என்றாள் பெல்சி. அது அவளுக்கே கேட்கவில்லை.

லூசியா நிமிர்ந்து பார்த்தாள். "நீதானே அந்த பார்லர் புள்ள? வா இங்குட்டு. சீப்புப் படாம கிடந்த தலை, எண்ணெய் இல்லாம சிக்கு எப்படி எடுக்க? நாத்தனா வைக்கிற கடைசி எண்ணெய் இது. இதுலயும் குறை வச்சேன்னு நாளைக்கு ஊரு பேசவா?"

பெல்சியின் பார்வை வகிட்டில் நின்றது. நெற்றியிலிருந்து உச்சிவரை இரண்டு பக்கமும் மூன்று விரற்கடை அகலத்துக்கு வெள்ளை. அதற்கு அப்புறம் பழைய சாயத்தின் கறுப்பு. கோடு போட்டுப் பிரித்தது போல இருந்தது.

பெல்சி வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு வேலை கிடைக்காமல், திருச்சியில் அழகுக்கலை படித்து வந்தவள். வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடியும் ஒரு நாற்காலியும் போட்டுத் தொடங்கியபோது முதலில் வந்தவர் டீச்சர்தான். முன்வாசல் வழியாக வரமாட்டார். கொல்லைக் கதவைத் தட்டுவார். உட்கார்ந்ததும் சொல்வார்:

"அவருக்கு என்னைவிட ரெண்டு வயசு கம்மி பெல்சி. எங்க அய்யா அதைச் சொல்லாமயே கட்டி வச்சுட்டாக. அவரு வருசத்துக்கு ரெண்டு தடவ வருவாரு. வந்ததும் தலையத்தான் பார்ப்பாரு. சாயம்னு தெரியாம, ஒரு நரை கூட இல்லைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவாரு."

முதல் தடவை காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து, அரிப்பு வருகிறதா என்று பார்த்த பிறகுதான் பெல்சி சாயம் போட்டாள். நெற்றியோரம் கறை பிடிக்காமல் வாஸலின் தடவுவாள். நுனி காய்ந்துபோகாமல் இருக்க, சாயத்தை வேரில் மட்டும் வைத்துவிட்டுக் கடைசிக் கொஞ்ச நேரம் கீழே இழுத்துவிடுவாள். டீச்சருக்கு அவள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். சாயம் போடுகிற அன்றைக்குத் தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது. எண்ணெய் இருந்தால் சாயம் உள்ளே இறங்காது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் டீச்சர் ஆள் அனுப்பினார். பெல்சி போய்ப் பார்த்தாள். கண்ணின் வெள்ளையில் இன்னும் மஞ்சள் இருந்தது.

"இப்ப வேணாம் டீச்சர். ஈரல் தேறட்டும். இந்த உடம்புக்கு சாயம் ஆகாது."

"கிறிஸ்மஸுக்கு அவரு வந்துருவாரு."

"அதுக்குள்ள போட்டு விட்டுடுறேன்."

"அதுக்குள்ள நான் போயிட்டா?" என்று டீச்சர் சிரித்தார். "சாயம் போட்டுத்தான் என்னையப் பெட்டியில வைக்கணும். பெட்டியோட சேத்துப் படம் எடுப்பாக. ஆயுசுக்கும் அதைத்தான் சுவத்துல மாட்டி வச்சிருப்பாக. நரையோட என்னையத் தொங்க விட்றாத."

பெல்சியும் சிரித்தாள். "சரி டீச்சர்" என்றாள்.

அந்தச் 'சரி'க்காகத்தான் இன்று பையோடு வந்திருந்தாள்.

லூசியா எண்ணெய்க் கையைத் தன் தலையில் துடைத்துக்கொண்டாள். "பாத்தியா இம்புட்டு நரையையும்? பதினேழு வருசம் ஒரு வீட்டுல பொழங்கியிருக்கோம். ஆஸ்பத்திரியில வச்சுத்தான் என் கண்ணுல பட்டுச்சு. என் தம்பிக்கு மீசையில ஒண்ணு வெளுக்கல. சரி, முக்காட்டை இழுத்து விட்டா முடிஞ்சுது."

"முக்காடு வயசானவுகளுக்குல்ல போடுவாக" என்றாள் பெல்சி.

"அப்ப இவ குமரியா?"

பெல்சி தரையைப் பார்த்தபடி சொன்னாள். "எனக்கு முக்கா மணி நேரம் கதவைச் சாத்திக் குடுங்க பெரியம்மா. சாயம் போடணும்."

அறையில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"செத்த தலைக்கா?" என்றாள் லூசியா.

"டீச்சர்தான் கேட்டாக."

லூசியா தம்பி மனைவியின் தலையை மடியிலிருந்து மெதுவாக இறக்கி வைத்தாள். மற்றவர்களைப் பார்த்து, "எந்திரிங்கடி, வெளிய போய் அழுவோம்" என்றாள். வாசற்படியில் நின்று, "என் தம்பி வாரதுக்குள்ள முடிச்சிரு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

வழியெல்லாம் பெல்சி இதைக் கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தாள். உயிரோடு இருக்கிறவர் தலையிலும் முடி செத்த பொருள்தான். அதற்கு நரம்பு இல்லை, ரத்தம் இல்லை. வெட்டினால் வலிக்காது. அப்படியானால் சாயம் இன்றைக்கும் பிடிக்க வேண்டும்.

எண்ணெயை எடுப்பதுதான் முதல் வேலை. கழுத்துக்குக் கீழே துண்டைப் பரப்பி, ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்துத் தேய்த்தாள். நுரை வரவில்லை. விரலில் ஏதோ பிசுபிசுவென்று தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தாள். ஐஸில் கிடந்த தலையில் தேங்காயெண்ணெய் உறைந்து, வெள்ளை வெள்ளையாக மெழுகுபோல வேரில் ஒட்டியிருந்தது. நரை இருந்ததைவிட அதிகமாகத் தெரிந்தது. மார்கழிக் காலையில் டப்பாவைச் சூடுகாட்டி உருக்குவதுபோல இதை உருக்க வேண்டும். கதவைக் கொஞ்சம் திறந்து வெந்நீர் கேட்டாள். வெளியே லூசியாவின் குரல், "கேக்குறதக் குடுங்க, கேள்வி கேக்காதீக" என்றது.

மூன்று முறை வெந்நீர்த் துண்டு வைத்து, மூன்று முறை அலசி, துவட்டி, ஒரு வழியாக எண்ணெய் விட்டது. கிண்ணத்தில் சாயப் பொடியையும் அதைக் கறுக்க வைக்கும் பெராக்சைடையும் குழைத்தாள். வகிடு எடுத்து, பிரஷ்ஷால் வேரில் வைத்தாள். பழக்கத்தில் நெற்றியோரம் வாஸலின்கூடத் தடவினாள். "சூடா இருக்கா டீச்சர்?" என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.

காத்திருந்தாள். வழக்கமாகப் பத்து நிமிடத்தில் கலவை கறுக்கத் தொடங்கும். அன்று அது சேற்று நிறத்திலேயே இருந்தது. இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். துண்டை வெந்நீரில் முக்கிப் பிழிந்து மேலே போர்த்தினாள். துண்டு தலையில் பட்ட சற்றைக்கெல்லாம் சில்லிட்டது. தலைக்கு உள்ளேயிருந்து குளிர் வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. முடி செத்ததுதான். ஆனால் சாயம் ஏறுவதற்கு வேண்டிய சூடு தலைத்தோலிலிருந்து வரும். இத்தனை வருடமும் பாதி வேலையை டீச்சரே செய்துகொண்டிருந்திருக்கிறார்.

தெருவில் ஆட்டோ வந்து போனது. ஜான் பீட்டர் இல்லை. பெல்சி ஓர் ஓரத்தை மட்டும் துடைத்துப் பார்த்தாள். வெள்ளைமுடி துருவேறிய கம்பிபோல அங்கங்கே செம்பழுப்பாக இருந்தது. காதோரம் அதுவும் இல்லை. முழுவதையும் அலசிவிட்டாள். முன்பு வெறும் நரையாக இருந்தது, இப்போது கெட்டுப்போன நரையாகத் தெரிந்தது.

பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைமாட்டில் மெழுகுவத்தி புகைவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

எவர்சில்வர் தட்டு ஒன்று அங்கேயே இருந்தது. எடுத்துச் சுடரின் மேல் கவிழ்த்துப் பிடித்தாள். புகை தட்டின் அடியில் மெத்தென்று படிந்தது. புருவத் தூரிகையால் அதைக் கூட்டி, லூசியா வைத்துவிட்டுப் போன கிண்ணத்திலிருந்து எண்ணெயை இரண்டு சொட்டு விட்டுக் குழைத்தாள். இதற்குச் சூடு வேண்டாம். உள்ளே இறங்கவும் வேண்டாம். மேலே ஒட்டிக்கொண்டு நின்றால் போதும். வகிட்டின் இரண்டு பக்கமும், காதோரமும், நெற்றியோரமும் மயிர் மயிராகத் தீட்டினாள். சாயத்தைவிட நல்ல கறுப்பு. படிய வாரிப் பின்னி, பின்னலை முன்னால் எடுத்து விட்டாள். கதவைத் திறந்தாள்.

லூசியா உள்ளே வந்து பார்த்தாள். "கல்யாணத்துக்கு வந்தப்ப இப்படித்தான் இருந்தா" என்றாள்.

ஜான் பீட்டர் வரும்போது டீச்சரைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். கசங்கிய சட்டை, இரண்டு நாள் தாடி. பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அழவில்லை. முகத்தைப் பார்த்தார், பிறகு தலையைப் பார்த்தார்.

"அப்படியே இருக்கா, அக்கா" என்றார். "ஒரு நரை இல்ல பாரு."

லூசியாவின் கண் ஒருமுறை பெல்சி பக்கம் வந்து போனது. "அவளுக்கு ஏதுப்பா நரை" என்றாள்.

பெல்சி சுவரோரம் நின்றிருந்தாள். அவர் கை தூக்குவதைப் பார்த்தாள். தொடாதீக என்று சொல்ல வேண்டும். அத்தனை பேர் நடுவில் அவளுக்குக் குரல் எழும்பவில்லை.

ஜான் பீட்டர் வலது உள்ளங்கையை மனைவியின் நெற்றியில் வைத்து, வகிட்டின் மேலாக உச்சிவரை மெல்லத் தடவினார். கையை எடுத்தார்.

அவர் கை போன வழி முழுக்க வெள்ளை. உள்ளங்கை முழுக்கக் கறுப்பு.

அவர் உள்ளங்கையைப் பார்த்தார். அறையில் சுற்றிலும் பார்த்தார். பெல்சியின் கையில், நகக்கண்ணில், அதே கறுப்பு இருந்தது. அவர் பார்வை அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வலது கையை இறுக மூடிக்கொண்டார். இடது கையால் கல்யாணச் சேலையின் முந்தானையைத் தேடி எடுத்து, தலைக்கு மேலே நெற்றிவரை இழுத்து மூடிவிட்டார். மடிப்பைச் சரிசெய்தார்.

படமெடுப்பவர் பெட்டியைத் தலைப்பக்கம் கொஞ்சம் தூக்கி வைக்கச் சொன்னார். எல்லோரும் இரண்டு பக்கமும் நின்றார்கள். "சார், கையத் தொங்க விட்டு ஃப்ரீயா நில்லுங்க" என்றார் படக்காரர். ஜான் பீட்டர் கையைத் தொங்கவிட்டார். விரலைத் திறக்கவில்லை.

கோயிலில் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். பெல்சி பெண்களில் கடைசியாக நின்றாள். பெட்டியை இறக்கியதும் முதல் பிடி மண் கணவர் போட வேண்டும். ஜான் பீட்டர் மூடிய வலது கையைத் திறக்காமல், குனிந்து இடது கையால் அள்ளினார்.

"சோத்துக் கையால போடுங்க மாப்ள" என்று யாரோ பெரியவர் சொன்னார்.

"அந்தக் கை ஆகாதுங்க மாமா" என்றார் ஜான் பீட்டர்.

இடது கையாலேயே மண்ணைப் போட்டார். பெல்சிக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்த லூசியா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெல்சியின் முறை வந்தபோது அவளும் குனிந்தாள். நகக்கண் கறுப்பு மண்ணோடு சேர்ந்து தெரியாமல் போனது. அவள் மண்ணை விட்டுவிட்டுக் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.