பயர்வயர் பெட்டிகள்

குமரகுருவும் தோமினிக்கும் சேலத்தில் பத்து வருடம் சேர்ந்து கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடை நடத்தியவர்கள். ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டவர்கள்.

கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்காரர்கள் அப்போது கேமராவைக் கம்ப்யூட்டரோடு இணைக்கப் பயர்வயர் கார்டு வாங்கினார்கள். படம் துளி விடுபடாமல் இறங்கும் என்று தோமினிக் அதையே பெட்டி பெட்டியாக வரவழைத்தார். யூஎஸ்பி எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது, விலையும் மலிவு, சனம் அதைத்தான் வாங்கும் என்றார் குமரகுரு. அவர் சொன்னபடியே ஆயிற்று. புதுக் கேமராக்களுக்கு யூஎஸ்பியே போதும் என்றானது. பயர்வயர் பெட்டிகளைச் சீந்த ஆளில்லை. ஒருநாள் கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது குமரகுரு, "இவன் பேச்சக் கேட்டா கடையச் சாத்திப்போட்டு மூட்டை தூக்கத்தான் போவோணும்" என்று சொல்லிவிட்டார்.

தோமினிக் அன்றே கடையை விட்டு இறங்கினார். அந்தப் பெட்டிகளை மட்டும் ஏற்றிக்கொண்டு மாமனார் ஊரான எடப்பாடிக்குப் போய்விட்டார். பதினான்கு வருடமாகப் பேச்சில்லை.

போன மாதம் இளம்பிள்ளையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் காளியப்பன் ஒரு பை நிறையப் பழைய கல்யாண வீடியோ டேப்புகளோடு வந்தார். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் பயர்வயர் கார்டுதான் வேண்டும். சேலம் முழுக்க விசாரித்தும் கிடைக்கவில்லை. தோமினிக்கிடம் இருக்கும். அவரைப் பார்க்க இப்படியொரு சாக்கு கிடைத்ததில் குமரகுருவுக்கு உள்ளூரச் சந்தோஷம். எடப்பாடி பஸ் ஏறினார்.

கதவைத் திறந்தது தோமினிக்கின் மனைவி ஹெலன். பின்னால் சுவரில் தோமினிக்கின் படம், மாலையோடு.

"எட்டு மாசமாச்சுங்கண்ணா. நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில மூணு நாள் இருந்தாருங்க."

குமரகுரு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கொரு வார்த்தை சொல்லி உடலியே, அம்மிணி."

"அவருதான் வேண்டாம்னுட்டாருங்க. 'சாவுக்கு அவன் வர வேண்டாம். என்னிக்காவது இந்தக் கார்டு தேவைப்பட்டா வருவான் பாரு'ன்னாருங்க." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நீங்க என்ன விசயமா வந்தீங்க?"

கட்டிலுக்கு அடியில் பெட்டிகள் தெரிந்தன.

"சும்மாதான். பாத்து ரொம்ப நாளாச்சேன்னு."

ஹெலனின் முகம் தெளிந்தது. "கல்லறைத் திருநாளுக்குப் போறப்ப அவருகிட்டச் சொல்றேனுங்க. நீங்க நெனச்சது தப்பு, அண்ணன் உங்களப் பாக்கத்தான் வந்தாருன்னு."

கார்டு கேட்டு வந்ததை இனிமேல் எப்படிச் சொல்வது? அவள் கொடுத்த காப்பியை ஆறவிட்டுக் குடித்தார்.

காளியப்பனிடம் கார்டு எங்கும் கிடைக்கவில்லை என்று சொல்லி டேப்புகளைத் திருப்பிக் கொடுத்தார். அதன்பிறகு இரண்டு நாள் கடை திறக்கவில்லை.