விசாக் கன்று

கொழும்பு வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் குடியிருக்கும் சிவபாலனை நம்பி, அவர் மனைவி யோகராணி அடுப்பில் வைத்த பாலைக்கூட விட்டுப் போவதில்லை. அப்படிப்பட்ட மனுசனிடம்தான், கனடாவுக்குப் போன மகள் ஹம்சிகா தன் டிரசீனாக் கன்றை ஒப்படைத்தாள். இடுப்புயரத் தண்டும் உச்சியில் நீள இலைகளுமாக நின்ற அந்தக் கன்றின்மேல், மூன்றே மாதத்தில் காஸ் சிலிண்டரை உருட்டிவந்து சரித்தார் சிவபாலன். தண்டு நடுவில் பிளந்தது.

பிறகு என்ன செய்தார் தெரியுமோ? காயத்துக்கு மஞ்சள் அப்பி, வேட்டிக்கரையால் கட்டி, மேலே திருநீறும் பூசி, மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றினார். வேர் அழுகாமல் வேறென்ன செய்யும்? இலைகள் மஞ்சளாகி விழத் தொடங்கிய நேரம் பார்த்து, டிசம்பரில் வருகிறேன் என்று மகளும் சொல்லிவிட்டாள். ஒரேயொரு பொருளையாவது இவர் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டார் என்று வீட்டில் யாராவது சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் சிவபாலனுடைய ஆசை.

யூடியூப்பைப் பார்த்துத் துணிந்தார். அழுகியதை வெட்டி எறிந்து, நல்ல தண்டை மூன்று துண்டாக்கி, ஜாம் போத்தல்களில் தண்ணீர் விட்டு வைத்தார். வேர் வந்ததும் சிறு சாடிகளில் நட்டு, வெளிச்சம் விழும் மாடிப்படி யன்னலில் அடுக்கினார். பழையபடி மூன்று வேளையும் தண்ணீர். வாயையாவது மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். லிஃப்டில் ஏறியவர்களிடமெல்லாம், இந்தக் கன்று வீட்டுக்கு வந்த மாதமே மகளுக்கு விசா வந்தது என்று பெருமையடித்தார். எட்டு மாடியிலும் விசாவுக்குக் காத்திருக்காத வீடு எது? கன்றைக் கேட்டு வாங்கினால் வேர் பிடிக்காது, களவெடுத்து வைத்தால்தான் பிடிக்கும் என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒரே கிழமையில் மூன்றும் போயின. எடுத்தவர்கள் சாடியில் மண்ணைச் சமப்படுத்தி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், நல்ல மனுசர்.

மகள் வரும் நாள் காலையில், மூன்றாம் மாடி ஐறீனின் வாசலில் தன் கன்றொன்று வேறொரு சாடியில் தளிரோடு நிற்பதைக் கண்டார். குனிந்து தூக்கும்போது கதவு திறந்தது.

"கொண்டு போங்கோ அண்ணை. நான் விசாவுக்கு எடுக்கேல்லை. நீங்கள் தண்ணி ஊத்திற விதத்தைப் பாத்துப் பயந்துதான் எடுத்தனான்" என்றாள் ஐறீன். அவள் முகத்தில் சிரிப்புக்கூட இல்லை.

அவமானம் பிடுங்கித் தின்ன, சாடியைக் கட்டிப்பிடித்தபடி மேலே வந்தார். பின்னேரம் வந்திறங்கிய ஹம்சிகா, கன்று ஏன் இவ்வளவு குட்டையாகிவிட்டது என்று கேட்டாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. சிலிண்டரிலிருந்து ஐறீன் வரை ஒன்றுவிடாமல் சொன்னார். யோகராணி தலையில் அடித்துக்கொண்டு தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள்.

"வளத்தது ஐறீன். நான் வெட்டினது மட்டுந்தான்" என்று முடித்தார் சிவபாலன்.

ஹம்சிகா தளிரைத் தொட்டுப் பார்த்தாள். "வெட்டாமல் விட்டிருந்தா ஒண்டுமே மிஞ்சியிராது அப்பா. நீங்கள்தான் காப்பாத்தினது."

சிவபாலனுக்குக் கண் கலங்கிவிட்டது. குசினிப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தார்.

"அம்மாவுக்குக் கேக்கிறமாதிரி இன்னொருக்காச் சொல்லு பிள்ளை" என்றார்.